சிறுநீர்ப்பைத் தசையில் கால்சியம் வாய்க்கால்கள்

கால்சியம் வாய்க்கால்கள் என்பவை செல் சவ்வில் அமைந்துள்ள புரதங்கள் ஆகும். சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது இவற்றுள் பல திறந்து, கால்சியம் அயனிகளைச் செல்லுக்குள் விடுகின்றன. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனிச் செறிவு, ஓய்வில் உள்ள செல்லின் உட்புறச் செறிவைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். எனவே வாய்க்கால் ஒரு கணம் திறந்தாலே கால்சியம் உள்ளே பாய்கிறது. சிறுநீர்ப்பை சுருங்குவதற்கு இவ்வாய்க்கால்கள் நரம்பு முனை, தசைச் செல் ஆகிய இரண்டு இடங்களில் தேவைப்படுகின்றன.

நரம்பு முனையில்

சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள டிட்ரூசர் தசை வரியற்ற தசையாகும். இதைச் சுருங்கச் செய்யும் இணைப்பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வருகின்றன. மின் தூண்டல் நரம்பு முனையை அடைந்ததும் என்-வகை, பி/க்யூ-வகை வாய்க்கால்கள் திறக்கின்றன. உள்ளே நுழையும் கால்சியம், நுண்பைகளைச் சவ்வுடன் இணையச் செய்து, அவற்றிலுள்ள அசிட்டைல்கோலின், ஏடிபி ஆகிய நரம்புக் கடத்திகளை வெளிவிடச் செய்கிறது.

கூம்பு நத்தையின் நஞ்சில் உள்ள ஒமேகா-கோனோடாக்சின் என்-வகை வாய்க்கால்களை அடைக்கக்கூடியது. ஆய்வகத்தில் தசைத் துண்டிலுள்ள நரம்புகளைத் தூண்டும்போது, இந்நஞ்சு சுருக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் அசிட்டைல்கோலினை நேரடியாகச் சேர்த்தால் தசை வழக்கம்போல் சுருங்குகிறது. தடை ஏற்பட்டது தசையில் அல்ல, நரம்பு முனையில்தான் என்பதை இது காட்டுகிறது.

தசைச் செல்லில்

ஏடிபி, பி2எக்ஸ்1 என்னும் ஏற்பியைத் திறந்து, நேர்மின் அயனிகளை உள்ளே விடுகிறது. இதனால் மின்னழுத்தம் மாறி, எல்-வகை வாய்க்கால்கள் திறக்கின்றன. பெரும்பாலான நரம்பு இழைகளில் செயல் மின்னழுத்தத்தை எழுப்புவது சோடியம். இத்தசையில் அப்பணியைக் கால்சியமே செய்கிறது. அசிட்டைல்கோலின் எம்3 ஏற்பி வழியாகச் செயல்பட்டு, செல்லின் உட்சேமிப்பிலிருந்தும் கால்சியத்தை வெளிக்கொணர்கிறது. எனினும் இவ்வழிக்கும் எல்-வகை வாய்க்காலின் உதவி தேவை.

இவ்வாறு கூடிய கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்துடன் இணைந்து, மயோசினைச் செயல்படுத்தும் நொதியைத் தூண்டுகிறது, தசை சுருங்குகிறது. அதே கால்சியம் பொட்டாசியம் வாய்க்கால்களையும் திறந்து மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சிறுநீர் நிரம்பும்போது தசை தேவையின்றித் துடிக்காமலிருக்க இது உதவுகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

நலமான மனிதச் சிறுநீர்ப்பையில் அசிட்டைல்கோலினே முதன்மைக் கடத்தி. மிகைச் செயல் சிறுநீர்ப்பை போன்ற நோய்நிலைகளில் ஏடிபியின் பங்கு அதிகரிக்கிறது. அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்துகள் சிலருக்குப் போதிய பலன் தராததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இத்தகையோருக்குப் பயன்படும் போட்டுலினம் நச்சு கால்சியத்தின் நுழைவைத் தடுப்பதில்லை. நுண்பை சவ்வுடன் இணையத் தேவையான புரதத்தை வெட்டிவிடுகிறது.

நிஃபெடிபின் போன்ற எல்-வகைத் தடுப்பான்கள் ஆய்வகத்தில் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகின்றன. ஆயினும் இவை சிறுநீர்ப்பை மருந்தாக நிலைபெறவில்லை. இதே வாய்க்கால்கள் இரத்தக் குழாய்களிலும் இருப்பதால் இரத்த அழுத்தமும் குறைந்துவிடும். மறுபுறம், உயர் இரத்த அழுத்தத்துக்காக இவற்றை உட்கொள்ளும் முதியோர் சிலருக்குச் சிறுநீர் முழுமையாக வெளியேறாத நிலை ஏற்படலாம். அத்தகையோர் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் இதைத் தெரிவிப்பது அவசியம்.