செவிலியர் சென்ற பின்: வளைகுடா முதியோரின் இல்ல மருத்துவம்

வளைகுடா நாடுகளின் மருத்துவ வளர்ச்சி பெரும்பாலும் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளைக் கொண்டே பேசப்படுகிறது. ஆயினும், அபுதாபி அமீரகத்தின் மேற்கே பரந்து கிடக்கும் அல் தஃப்ரா வட்டாரத்தின் லிவா பாலைச்சோலையிலும், ஓமனின் முசந்தம் முனையில் மக்கள் கடல்வழியே சென்றுவரும் கும்சார் போன்ற ஊர்களிலும் வாழும் முதியோருக்கு, மருத்துவமனை எத்துணைச் சிறந்தது என்பதைவிட அது எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதே முதன்மையான வினாவாகும். பக்கவாதத்தால் படுத்த படுக்கையான ஒருவரை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது அவருக்கும் குடும்பத்துக்கும் பெருந்துன்பம் என்பதால், மருத்துவக் குழுவே வீட்டுக்குச் செல்லும் முறை இங்குத் தேவையாயிற்று.

1970இல் ஓமன் நாடு முழுமைக்கும் அமெரிக்கக் கிறித்தவப் பணியாளர்கள் நடத்திய இரண்டு சிறிய மருத்துவமனைகளே இருந்தன. அதன்பின் கட்டியெழுப்பப்பட்ட சுகாதார நிலையங்களின் வலையமைப்பு, 2000ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கையில் அந்நாட்டை ஒட்டுமொத்தச் செயல்திறனில் எட்டாம் இடத்துக்கு உயர்த்தியது. இன்று அந்நிலையங்களின் செவிலியரே முதியோரின் இல்லங்களுக்கும் செல்கின்றனர். சவூதி அரேபியாவில், ரியாத் மன்னர் ஃபைசல் சிறப்பு மருத்துவமனை முற்றிய புற்றுநோயாளிகளுக்காக 1991இல் தொடங்கிய இல்லப் பராமரிப்பு முன்னோடியாக அமைய, 2009இல் சுகாதார அமைச்சகம் அதை நாடளாவிய திட்டமாக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில், 2019ஆம் ஆண்டின் 9ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் அறுபது வயது நிறைந்த குடிமக்களின் உரிமைகளை வரையறுத்து, மருத்துவப் பராமரிப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது.

இல்ல வருகையின்போது நிகழ்வது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளப்பது மட்டுமன்று. சிறுநீர்க் குழாயை மாற்றுவதும், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவதும், இயன்முறைப் பயிற்சி அளிப்பதும், வழுக்கும் குளியலறையையும் தடுக்கும் கம்பளத்தையும் கண்டறிந்து விழும் ஆபத்தைக் குறைப்பதும் அதன் பகுதிகளாகும். பல மருத்துவர்கள் தனித்தனியே எழுதித் தந்த மாத்திரைகள் ஒரே அலமாரியில் சேர்ந்து, ஒன்றின் விளைவை மற்றொன்று கெடுக்கும் நிலை முதுமையில் அடிக்கடி நேர்வதால், அவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்துத் தேவையற்றவற்றை மருத்துவர் வழி நிறுத்தச் செய்வது வீட்டிலேயே எளிதாகக் கைகூடுகிறது. ரமலான் நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளிக்கு, இன்சுலின் அளவையும் வேளையையும் மாற்றியமைக்கும் அறிவுரையும் முன்னதாகவே வழங்கப்பட வேண்டியதாகும்.

எனினும், மருத்துவக் குழு ஒரு வீட்டில் இருப்பது சிறிது நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் முதியவர் வீட்டாரின் கையில் இருக்கிறார். வளைகுடாக் குடும்பங்களில் அந்தக் கை பல வேளைகளில் இலங்கை, இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த பணிப்பெண்ணுடையது. உடலின் ஒரே பகுதி நெடுநேரம் அழுந்துவதால் தோன்றும் படுக்கைப்புண்ணைத் தவிர்க்க, படுத்திருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும், புரையேறாமல் உணவூட்டுவதும், திடீர்க் குழப்பத்தை நோயின் அறிகுறியென உணர்வதும் அவர் மேல் விழும் பொறுப்புகளாகும். சமையலுக்கும் துப்புரவுக்குமென அழைக்கப்பட்ட ஒருவர் இவற்றைத் தாமே அறிந்திருப்பார் என எதிர்பார்ப்பது முறையன்று.

அமீரகத்தின் 2022ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம், தொடர்ச்சியான எட்டு மணி நேரம் உட்பட நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர ஓய்வையும் வாரத்தில் ஒரு விடுமுறையையும் கட்டாயமாக்குகிறது. இரவும் கண்காணிப்பு வேண்டும் நோயாளியை ஒருவரே பார்த்துக்கொண்டால் இவ்வுரிமை நிறைவேறாது. ஆகவே, இரண்டாம் ஆளின் தேவையும் மருத்துவத் திட்டத்திலேயே கணக்கிடப்பட வேண்டும்.

பணிப்பெண்ணுக்கு இவற்றைக் கற்பிப்பதில் மொழியும் ஒரு தடையாகிறது. தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அவ்வட்டாரப் பெண்ணே. நோயாளியின் மொழியும் அவர் மொழியும் ஒன்று. வளைகுடாவிலோ, நோயாளி அரபு பேச, செவிலியர் மலையாளமோ ஆங்கிலமோ பேச, பணிப்பெண் தமிழோ சிங்களமோ பேசும் வீடுகள் உண்டு. எனவே, செவிலியர் ஒவ்வொரு வருகையிலும் பணிப்பெண்ணுக்கு அவர் அறிந்த மொழியில் செய்முறையாகக் கற்பித்து, கற்றதைச் செய்துகாட்டச் சொல்லிச் சரிபார்ப்பது, இரத்த அழுத்தம் அளப்பதற்கு நிகரான மருத்துவப் பணியாகக் கருதப்பட வேண்டும்.