வணிகர்க்கேற்ற கணிப்பொறி

திருவண்ணாமலை திருக்கோயிலாற் புகழ்பெற்ற நகரமென்பது யாவரும் அறிந்ததே. நெல்லும் மணிலாவும் விலைபேசப்படும் வாணிக நகரமும் அதுவேயாகும். தேரடி வீதியில் வணிகர் ஒருவர் கொள்முதல், இருப்பு, கடன், வரி ஆகியவற்றிற்குத் தனித்தனி விரிதாள்கள் வைத்துக்கொண்டு, பங்கு விலைகளைக் காட்டும் இரண்டொரு வாணிபச் செயல்நிரல்களையும் உடனியக்குகின்றார் எனக் கொள்வோம். முன்னாளிற் பங்குத் தரகர் ஓரிடத்திற் கூடிக் கூவி விலைபேசினர். 1994-ஆம் ஆண்டில் தேசியப் பங்குச் சந்தை திரைவழி வாணிபத்தைத் தொடங்கிய பின்னரே, பெருநகர் செல்லாது தம்மூரிலிருந்தே வாங்கவும் விற்கவும் வழி பிறந்தது. காலை 9.15 மணிக்குச் சந்தை திறந்து விலைகள் விரைந்து மாறுங்கால் கணிப்பொறி அசைவற்று நிற்குமாயின், விற்கக் கருதிய பங்கு விற்கப்படாதொழியும்; ஒரு குடும்பத்தின் சேமிப்பே அதனாற் குறைதலும் கூடும். ஆதலின் இவ்வேலைக்கு எத்தகைய பொறி தகும் என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

கணிப்பொறியின் உறுப்புக்களை ஒரு மண்டியின் கணக்கறையோடு ஒப்பிட்டு நோக்குக. செயலியென்பது கணக்கப்பிள்ளை, ராம் என்னும் நினைவகம் அவர்முன் உள்ள மேசை, வட்டென்பது பழங்கணக்குகள் அடுக்கிய அலமாரி. மேசை சிறிதாயின், கணக்கப்பிள்ளை எத்துணை வல்லவராயினும், ஓரேட்டை எடுக்குந்தோறும் மற்றோரேட்டை அலமாரியில் வைத்து வரவேண்டும். நினைவகம் நிறைந்தவிடத்துப் பொறி தளர்வதன் காரணம் இதுவே. எனவே பல ஏடுகளை ஒருங்கே விரிப்பவர் முதற்கண் நாடவேண்டுவது நினைவகமே. அத்தகையார்க்கு 16 ஜிகாபைட் குறைந்த அளவு. 32 ஜிகாபைட் இருப்பின் இடர்ப்பாடின்றி நடக்கும். ஆயினும் 32 பிட் எக்ஸெல்லை வைத்திருப்போர்க்கு ஓரெச்சரிக்கை: அது 4 ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட நினைவகத்தை எட்டமாட்டாது. 64 பிட் எக்ஸெல்லையே நிறுவுதல் வேண்டும்.

அடுத்தது செயலி. கோர்கள் மிகுதியாயின் விரைவும் அவ்வளவிற்கு மிகும் என்பர் பலர். அஃது முழுதும் உண்மையன்று. ஒன்றையொன்று சாராத கணக்குகளைப் பல கோர்கள் பகிர்ந்து செய்யும். ஒன்றன் விடையை மற்றொன்று எதிர்நோக்கும் தொடர்க்கணக்கையோ, எக்ஸெல்லின் மாக்ரோவையோ ஒரு கோரே செய்து முடித்தல் வேண்டும். பத்துக் கணக்கப்பிள்ளைகள் இருப்பினும் ஒரு பேரேட்டில் ஒருவரே எழுதவியலும் அன்றோ? ஆகவே 16 கோர்களைக் காட்டிலும், தனிக்கோர் விரைவு மிக்க 6 அல்லது 8 கோர்களே இவர்க்கு நலம்.

வட்டு எஸ்.எஸ்.டி. ஆயிருத்தல் வேண்டும். இரண்டு திரைகள் இருப்பின் கணக்கும் விலையும் அருகருகே தோன்றும். அதற்கெனத் தனியே விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை வேண்டுவதின்று. செயலியோடமைந்த கிராபிக்ஸே போதுமானது. சித்திரை வெயிலில் மிகவும் வெப்பமுறும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆதலின் காற்றோட்டமுள்ள மேசைக் கணிப்பொறி மெல்லிய மடிக்கணினியினும் ஏற்றது. மின்சாரம் நின்றவிடத்து உதவ யு.பி.எஸ். ஒன்று வேண்டும். இணையத்திற்கும் இரண்டாவது வழியொன்று இருத்தல் நன்று.

புதுப்பொறி வாங்குமுன் பழையதைச் சோதித்தறிதல் கடன். வேலை மிக்க நேரத்தில் எல்லாவற்றையுந் திறந்துவைத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின் டாஸ்க் மானேஜர் தோன்றும். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்பின் குறை மேசையினது. நினைவகத்தை மட்டும் கூட்டினாலே போதியதாகலாம். செயலியின் மொத்த அளவைக் கண்டு ஏமாறலாகாது. 8 கோர்களுள் ஒன்று முற்றும் உழைத்து ஏனையவை வாளாவிருப்பினும், மொத்தம் 12 விழுக்காட்டளவோ அதனினுங் குறைவோதான் தோன்றும். எனவே கோர்களைத் தனித்தனியே நோக்குக.

இறுதியாக ஒன்று. செபி என்னும் பங்குச்சந்தை வாரியம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளிற் பங்குச் சந்தையின் பியூச்சர், ஆப்ஷன் வாணிபத்தில் ஈடுபட்ட தனிமனிதருள் 93 விழுக்காட்டினர் நட்டமே அடைந்தனர். விரைந்த பொறி கணக்கைத் தாமதமின்றிக் காட்டுமேயன்றி, இலாபத்தைத் தேடித் தாராது. ஆதலால் வேலையின் அளவறிந்து, அவ்வளவிற்கே பொருள் செலவிட்டு, எஞ்சியதைச் சேமிப்பிற் சேர்ப்பதே அறிவுடைமையாம்.