இருவர் ஓட்டும் லாரி: நெடுந்தொலைவுப் பணியின் நிறையும் குறையும்

திருவண்ணாமலையிலிருந்து போளூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் அமைந்த கலசப்பாக்கத்திலும், அதற்கு மேற்கே எழும் ஜவ்வாது மலை ஊர்களிலும், நெல், மணிலா எனப்படும் நிலக்கடலை, சாமை ஆகிய பயிர்கள் பெரும்பாலும் மழையையும் கிணற்றையும் நம்பியே விளைவதால், வேளாண் வேலை ஓய்ந்த மாதங்களில் வெளியூர்ப் பிழைப்பைத் தேடிச் செல்வது அப்பகுதி இளைஞர்களுக்குப் புதிதன்று. அவர்கள் முன் உள்ள வழிகளுள் ஒன்று கனரக லாரி ஓட்டும் தொழில். அதிலும் ஒரே வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் ஏறி, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் உறங்கி, முறை மாற்றிப் பல மாநிலங்களைக் கடக்கும் பணி, தொழிலில் உள்ளோரால் 'டபுள் டிரைவர்' எனப்படுகிறது. கூடுதல் வருமானம் தரும் வேலையாக அறியப்படும் இதன் மற்றொரு பக்கத்தையும் அறிந்த பின்னரே ஓர் இளைஞர் இதில் இறங்குவது நல்லது.

இம்முறையின் அடிப்படை ஓர் எளிய கணக்கு. சென்னையிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். சரக்கு ஏற்றிய லாரி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டும் தனி ஓட்டுநருக்கு அப்பயணம் ஐந்தரை நாள் பிடிக்கும். இருவர் மாறி மாறி இருபது மணி நேரம் ஓட்டினால் மூன்று நாளுக்குள் முடிந்துவிடும். அழுகும் காய்கனிக்கும், மருந்துக்கும், குறித்த நாளில் சேர வேண்டிய தொழிற்சாலை உதிரிபாகங்களுக்கும் இந்த வேகம் தேவைப்படுகிறது. வண்டி நின்றாலும் கடன் தவணையும் காப்பீடும் நிற்பதில்லை என்பதால், ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியே உரிமையாளருக்கு ஆதாயம்.

ஓட்டுநருக்கும் இதில் நன்மைகள் உண்டு. பயணத்துக்கு இவ்வளவு எனச் சம்பளமும், வழிச்செலவுக்குப் 'படி' எனப்படும் தொகையும் பெறுபவருக்கு, மாதத்தில் கூடுதல் பயணங்கள் கிடைப்பது வருமானத்தை உயர்த்தும். நள்ளிரவில் டயர் வெடித்தாலும், மொழி தெரியாத ஊரில் காய்ச்சல் கண்டாலும், டீசல் திருடர் நடமாடும் இடத்தில் நிற்க நேர்ந்தாலும் துணைக்கு ஓர் ஆள் இருக்கிறார். வட மாநிலச் சாலையோரங்களில் தமிழ்நாட்டு லாரியின் நிழலில் அடுப்பு மூட்டி, ஒருவர் சோறு வடிக்க மற்றவர் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கும் பழக்கம், சமைத்த உணவையும் செலவுச் சிக்கனத்தையும் ஒருங்கே தருகிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், மலைப்பாதையில் எந்த கியரில் இறங்குவது, பாரத்தை எவ்வாறு சமன்படுத்துவது என்பவற்றை அனுபவசாலியின் அருகிலிருந்தே கற்றுக்கொள்ளவும் இம்முறை இடமளிக்கிறது.

இரண்டாவது ஓட்டுநரை இந்தியச் சட்டம் முதலில் பாதுகாப்புக்காகவே ஏற்றியது. ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் சரக்கு ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் நேஷனல் பர்மிட் பெற்ற வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றும், மாற்று ஓட்டுநர் உடலை நீட்டிப் படுத்து உறங்குவதற்கேற்ப ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை அமைக்கப்பட வேண்டும் என்றும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்தன. இரு ஓட்டுநர் கட்டாயம் 2018இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் இரண்டாவது ஆளை ஏற்றுவதா, ஒருவரையே முழுத் தொலைவும் ஓட்டச் சொல்வதா என்பது பெரும்பாலும் வாடகைக் கணக்கைப் பொறுத்த முடிவாகிவிட்டது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் வரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டதும், 2021இல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் பயண நேரத்தைக் குறைத்தன. ஆனால் வரிசையில் நின்ற நேரத்தில் ஓட்டுநர் கண்ணயர்ந்த இடைவெளிகளும் அவற்றோடு மறைந்தன.

இப்பணியின் பெருங்குறை, ஓடும் வண்டியில் பெறும் உறக்கம் முழு உறக்கம் ஆகாமையே. இன்ஜின் சூட்டிலும் ஹாரன் ஒலியிலும், ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும் பலகையில் படுத்திருப்பவர், ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் பாதி விழித்துக்கொள்கிறார். மனித உடலின் உட்கடிகாரம் விடியலுக்கு முந்தைய மணிகளில் விழிப்பை மிகவும் தளர்த்திவிடுவதால், பகலில் எவ்வளவு படுத்திருந்தாலும் அந்நேரத்தில் ஓட்டுபவருக்குக் கண் செருகும் அபாயம் மிகுதி. தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் சிறிது நேரம் அறிவு மந்தமாக இருப்பதால், எழுந்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் ஆபத்தே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த வரம்பு 0.03 விழுக்காடுதான்.

உலக நாடுகள் இதனை இருவேறு வகையில் அணுகுகின்றன. அமெரிக்காவில் பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் ஒருவர் பதினொரு மணி நேரம் வரை ஓட்டலாம். ஓடும் லாரியின் படுக்கை அறையில் கழித்த நேரமும் அங்கு ஓய்வாகவே கணக்கிடப்படுவதால், இருவர் சேர்ந்து வண்டியைக் கிட்டத்தட்ட நாள் முழுதும் ஓட்ட முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, இருவர் ஓட்டினாலும் ஒவ்வொரு முப்பது மணி நேரத்துக்குள்ளும் வண்டியை நிறுத்தி இருவரும் ஒன்பது மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்கிறது. ஓடும் வண்டியில் படுத்திருப்பதை அன்றாட ஓய்வாக அது ஏற்பதில்லை. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் எனப் பொது வரம்பு வைத்து, நெடுந்தொலைவு வழிகளில் பத்து, 54 என உயர்த்திக்கொள்ள அனுமதித்தது. ஆனால் ஓரிரு லாரி மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளரிடம் இவ்வரம்பைக் கண்காணிப்பது கடினமாகவே இருந்தது.

பிற குறைகளும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. கைக்கெட்டும் தூரத்தில் பல நாள் ஒன்றாக வாழும் இருவருக்குள் ஒத்துப்போகாவிட்டால் பயணமே பகையாகும். ஒருவர் ஓட்டும் விதத்தை மற்றவர் நம்பாவிட்டால் படுத்தவருக்கு உறக்கமும் வராது. கனரக உரிமம் இல்லாத கிளீனரை, அதாவது வண்டிக்கு உதவியாளராக வருபவரை, இரண்டாம் ஓட்டுநராகக் காட்டி ஸ்டியரிங்கில் உட்கார வைத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு இழப்பீடு சிக்கலாகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான சிறைத்தண்டனை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டுகள் வரை இருந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா அத்தண்டனையைப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை உயர்த்தியுள்ள நிலையில், சுமை விழுவது அவ்வேளையில் ஓட்டியவர் தலையில்தான். அவரைத் தூங்கவிடாத கால அட்டவணை நீதிமன்றப் படியேறுவது அரிது. வாரக்கணக்கில் வீடு திரும்பாத தந்தையின் குடும்பம் தாங்கும் தனிமையும் இப்பணியின் விலையே.

வேகத்தையும் உறக்கத்தையும் ஒருங்கே காக்கும் வழியொன்று உண்டு. வண்டி தொடர்ந்து ஓட, ஓட்டுநர் மட்டும் சில மணி நேரத்தில் குறித்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசையில் வரும் வேறு லாரியை ஓட்டிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் தொடரோட்ட முறை அது. 2014இல் தொடங்கப்பட்ட ரிவிகோ நிறுவனம் இதனை இந்தியாவில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. எனினும் வழியெங்கும் நிலையங்களும் இருதிசைச் சரக்கும் வேண்டியிருப்பதால், ஒற்றை லாரி உரிமையாளருக்கு இது எட்டுவதில்லை.

ஆகவே, இருபது வயது நிறைந்து போக்குவரத்து வாகன உரிமம் பெற்ற ஓர் இளைஞர், சம்பளத்தை மட்டும் கேட்டு வண்டியேறுதல் கூடாது. உடன் வருபவரிடம் கனரக உரிமம் உள்ளதா, சம்பளம் பயணக் கணக்கிலா மாதக் கணக்கிலா, வருங்கால வைப்பு நிதியும் விபத்துக் காப்பீடும் உண்டா, தாமதமானால் பிடித்தம் செய்வார்களா, நாளுக்கு எத்தனை மணி நேரம் வண்டி நிறுத்தப்படும் என்பவற்றை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் புதிய கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருப்பது நல்ல தொடக்கம். ஆயினும் வண்டி நின்ற நிலையில் இருவரும் உறங்கும் நேரத்தைச் சட்டம் வரையறுத்து, அதற்கான செலவைச் சரக்கு அனுப்புவோர் வாடகையிலேயே ஏற்கும் வரை, இரண்டாவது ஓட்டுநர் தூரத்தைக் கூட்டுவாரேயன்றி பாதுகாப்பைக் கூட்டமாட்டார்.