பழச்சாறு பருகுதல்: கமக்காரர் அறியவேண்டியவை

வீட்டுத்தோட்டத்திற் கொய்யா, பப்பாசி, கொடித்தோடை, தேசி முதலியவற்றை நாட்டியுள்ள கமக்காரர் பலர், அவற்றின் சாற்றைப் பருகுதல் எவர்க்கும் எக்காலத்தும் நன்மையே தருமென எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் ஓரளவே உண்மையாகும். கமக்காரக் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஐயங்கள் சிலவற்றுக்கு விடை கீழே தரப்படுகின்றது.

1. பழத்திற்குப் பதிலாகச் சாறு போதுமா?

போதாது. பழத்தைப் பிழிந்து வடிக்கும்போது நார்ப்பொருளிற் பெரும்பகுதி சக்கையுடன் நீங்கிவிடுகின்றது. மலச்சிக்கலைத் தடுப்பதும், வெல்லம் இரத்தத்தில் விரைந்து சேராது தாமதப்படுத்துவதும் இந்நாரே. மேலும், ஒரு குவளைச் சாற்றுக்கு இரண்டு அல்லது மூன்று தோடம்பழங்கள் வேண்டும். உண்பவர் ஒன்றுடன் நிறைவடைவார். பருகுபவரோ அத்தனை பழங்களின் வெல்லத்தையும் ஒருமிக்க உட்கொள்வார்.

2. சாற்றிலுள்ள இயற்கை இனிப்புத் தீங்கற்றதா?

உலக சுகாதாரத் தாபனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், பழச்சாற்றின் வெல்லமும் நாம் கலக்கும் சீனியும் ஒரே வகையிற் சேர்க்கப்பட்டுள்ளன. இவ்வகை முழுவதும், உணவாற் பெறும் சக்தியிற் பத்திலொரு பங்கிற்குக் குறைதல் வேண்டும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு அது 50 கிராம். அதாவது ஏறக்குறைய 12 தேக்கரண்டி. 200 மில்லிலீற்றர் தோடஞ்சாற்றிற் சீனி கலவாதபோதும் ஏறக்குறைய 4 தேக்கரண்டி வெல்லம் உண்டு. அதனுடன் தேநீருக்கு இடும் சீனியையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். நீரிழிவு நோயாளர் சாற்றை விடுத்து, வைத்தியர் கூறிய அளவிற் பழத்தையே உண்ணல் நன்று.

3. வயலில் தாகத்திற்கு ஏற்றது எது?

கொதித்தாறிய நீரே. அதிற் சிறிது தேசிப்புளி கலக்கலாம். சீனியை மிகுதியாக இடலாகாது. அடுப்பிலிருந்து இறக்கிய கீரைக்கறியில் தேசிப்புளி விட்டு உண்பின், கீரையின் இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். தேசி பிழிந்த கையைக் கழுவாது வெயிலிற் சென்றால் தோல் கொப்புளிக்கக் கூடும். பூச்சிமருந்துப் போத்தலை எவ்வளவு கழுவினும் அதிற் சாறோ நீரோ கொண்டு செல்லலாகாது.

4. சிறுநீரக நோயாளர் எச்சாற்றைத் தவிர்த்தல் வேண்டும்?

இவ்வினாவே யாவற்றிலும் முக்கியமானது. 1990 களிலிருந்து வடமத்திய மாகாண நெற்செய்கையாளரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்து காணப்படுகின்றது. தொடக்கத்தில் அது அறிகுறி காட்டாமையால், தமக்கு நோயுண்டென்பதைப் பலர் அறியார்.

காமரங்காயிலும், சிங்களத்திற் 'பிலிங்' எனப்படும் புளிச்சக்காயிலும் ஒட்சாலிக்கமிலம் மிகுதியாக உண்டு. இவற்றின் சாற்றை மிகையாகப் பருகின் நல்ல சிறுநீரகமும் கெடலாம். வெறுவயிற்றிற் பருகுதல் மேலும் ஆபத்தாகும். நீரிழிவுக்குக் கைம்மருந்தென இவற்றைப் பருகுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

சிறுநீரக நோயாளருக்குக் காமரங்காய் சிறிதளவும் ஆகாது. அதிலுள்ள நச்சுப்பொருள் மூளையைத் தாக்கும். தீராத விக்கல், மனத்தடுமாற்றம், வலிப்பு என்பன அதன் அறிகுறிகளாம். இவை காணின் உடனே நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தோடஞ்சாறு, இளநீர் என்பவற்றிலுள்ள பொற்றாசியமும் அவர்தம் இதயத்தைப் பாதிக்கலாம். ஆதலின் வைத்தியரைக் கேட்டே இவற்றைப் பருகுக.

சுருங்கக் கூறின், தாகத்திற்கு நீரும் உணவிற்குப் பழமுமே ஏற்றவை. சாறு பருக விரும்புவோர் பழத்தை நன்கு கழுவிப் பிழிந்து, சீனி சேர்க்காது, ஒரு சிறு குவளையுடன் அமைதல் வேண்டும்.