கள்ளுக்கடையை மூடப் பிறந்த வரி

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார் டெல்லியில் விலைபோனால், ஜிஎஸ்டியில் ஒரு பாதி ஒன்றிய அரசுக்கு, மறுபாதி டெல்லிக்கு. ஷிப்ட் முடிந்து ஒருவர் ஒரகடத்தில் வாங்கும் குவாட்டருக்கு உண்டான கலால் வரியும் வாட்டும் அப்படியே தமிழ்நாட்டு அரசுக்கு வந்துவிடும். இந்த விசித்திரக் கணக்கு புரிய 1937-க்கு, சேலத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மரமேறிகளுக்குப் பிழைப்பு போனது. கூலிக்காரர் வீடுகளில் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் காசு மிஞ்சியதாக அன்று ஆராய்ந்த பொருளியலாளர்கள் எழுதினார்கள். ஆனால் நீண்ட நாள் நின்ற விளைவு வேறு. சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு குடியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மதுவிலக்கால் விழும் துண்டை ஈடுகட்ட 1939-இல் ராஜாஜி பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவில் அதுவே முதல். வியாபாரிகள் கொதித்தார்கள். போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது, வரி மட்டும் போகவில்லை. பிறகு 1948 முதல் 1971 வரை மாநிலம் முழுக்க மதுவிலக்கு தாக்குப்பிடித்ததில் காந்தியத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த வரிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன்.

இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இதில் என்ன? 1990-களில் ஆலைகளை இழுக்க மாநிலங்கள் முட்டி மோதியபோது, தமிழ்நாட்டின் கையிலிருந்த துருப்புச்சீட்டு இந்த விற்பனை வரிதான். ஹூண்டாய்க்கு அதில் சலுகை. 2005 ஒப்பந்தத்தில் நோக்கியாவுக்கு, வாட் வரியைத் திருப்பித் தருவதாக வாக்கு. கள்ளுக்கடையை மூடப் போட்ட வரியை விட்டுக்கொடுத்துத்தான் இந்த ஏரிப்பாசன ஊர்களுக்கு ஆலைகள் வந்தன.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அந்தச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டது. பொருளைச் செய்கிற மாநிலத்துக்கு அல்ல, வாங்குகிற மாநிலத்துக்கே வரி என்றாகிவிட்டது. வருவாய் இழப்புக்காக மாநிலங்களுக்குத் தரப்பட்ட இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. ஜிஎஸ்டிக்கு வெளியே தப்பியவை பெட்ரோல், டீசல் போன்ற சிலவும் குடிக்கிற மதுவும்தான். 2024-25-இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்தது சுமார் 48,344 கோடி ரூபாய்.

மதுவிலக்கு கேட்கும் மேடைகளில் இந்தத் தொகை அடிபடும். ஈடுகட்டும் வழி அடிபடாது. ராஜாஜிக்கு 1935-ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனை வரி போடும் அதிகாரத்தைத் தந்திருந்தது. இன்றைய முதல்வர் யாராக இருந்தாலும், ஜிஎஸ்டி கவுன்சிலைக் கேட்காமல் அப்படியொரு பொது வரி போட முடியாது. பத்திரப்பதிவு, வாகன வரி, பெட்ரோல் மீதான வாட் என்று கைவசம் இருப்பவற்றைத்தான் உயர்த்தியாக வேண்டும்.