உங்களுக்குத் தெரியுமா? கணினியிடமும் முகத்தாட்சண்யம் பார்க்கிறோம்!

சமைத்தவரே வந்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், உப்பு கம்மி என்று பட்டென்று சொல்ல வாய் வராது. இதே தயக்கம் நமக்குக் கணினி முன்னாலும் வருகிறது.

1990-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளிஃபோர்ட் நாஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு கணினி மாணவர்களுக்குச் சில தகவல்களைக் கற்றுக்கொடுத்து, தேர்வும் வைத்தது. பிறகு, கணினி எப்படிச் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி. சிலரிடம் அதே கணினியே கேட்டது. சிலரிடம் வேறொரு கணினி. மற்றவர்கள் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பாடம் நடத்திய கணினியிடமே பதில் சொன்னவர்கள்தான் அதைக் கூடுதலாகப் பாராட்டியிருந்தார்கள்!

திரையில் இருந்ததோ வெறும் எழுத்து, முகமில்லை, குரலுமில்லை. மாணவர்களும் கணினியில் நன்றாகப் பழகியவர்கள். "இயந்திரத்துக்காகவா பதிலை மாற்றுவோம்?" என்று மறுக்கவே செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: மரியாதை அவர்களை அறியாமலே, பழக்கமாக வந்திருக்கிறது. மொழியில் பேசி, நம் பதிலுக்கு மறுபதில் தரும் எதையும் மனம் சக மனிதராகவே நடத்துகிறது என்பது நாஸ் தரும் விளக்கம்.

நன்றிக்கடனும் உண்டு. நாஸும் பி.ஜே. ஃபாக்கும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் தேட நன்றாக உதவிய கணினி பின்னர் ஒரு வண்ண ஒப்பீட்டு வேலைக்கு உதவி கேட்டது. அந்தக் கணினிக்கே வேலை செய்தவர்கள், வேறு கணினிக்குச் செய்தவர்களைவிட அதிகமாக உழைத்துக் கொடுத்தார்கள்.