ஒலுவில் மணலுக்குக் கணக்கு வைப்பது யார்?

கிழக்கிலங்கையின் ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால், கரையோர அறிவியலின் முதல் பாடம் கண்முன்னே கிடக்கும். தெற்கே பாலமுனைப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றிருக்கிறது. வடக்கே நிந்தவூரை நோக்கிய பக்கம் கரை குறுகி, வேரோடு சரிந்த தென்னைகளும் அவசரத்துக்குக் கொட்டிய பாறாங்கற்களுமாகக் கிடக்கிறது.

டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகம் இது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு. அவருடைய இன்னொரு கனவும் இதே ஊரில்தான் நிற்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அது. முதற் கனவு உண்டாக்கிய சிக்கலை அவிழ்க்கும் பொறுப்பு இரண்டாவதற்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சற்றுச் சரிந்தே வருகிறது. ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும் நீர் அதை நேரே கீழே இழுக்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். வாடைக்காற்றுக் காலத்து அலைகள் நம் மணலைத் தெற்கே தள்ளும். தென்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் வடக்கே தள்ளும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சும். அந்த மணலைத்தான் அலைதடுப்புச் சுவர் மறிக்கிறது. மறிபட்டதில் ஒரு பகுதி தெற்கே தேங்குகிறது, ஒரு பகுதி சுவரைச் சுற்றி வந்து துறைமுக வாயிலை அடைக்கிறது. வடக்குக் கரைக்கு வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் தொடர்கிறது.

வங்கக் கரையில் இது புதிய கதையல்ல. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பியபோது, தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் கரைந்தது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு நகரின் கடற்கரையே காணாமற் போனது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பொன்றைக் கடலுக்குள் இறக்கி, அந்தக் கரையில் ஒரு பகுதியை மீட்டுக் கொடுத்தது.

ஒலுவிலில் இன்று ஒரே மணலை வைத்து மூன்று கோரிக்கைகள் மோதுகின்றன. வாயிலில் நிற்கும் மணலை அள்ளினால்தான் ஆழ்கடல் படகு உள்ளே வரமுடியும் என்கிறார்கள் படகுக்காரர்கள். கரையைக் காப்பாற்றிவிட்டு மற்றதைப் பேசுங்கள் என்கிறார்கள் காணியும் தென்னையும் இழந்தவர்கள். கல்லைக் கொட்டிவிட்டால் வலை வளைத்து இழுக்க எங்கே இடம் என்று கேட்கிறார்கள் கரைவலைக்காரர்கள். மூன்றுமே நியாயமானவை. கல்லணை போட்ட இடம் தப்பினாலும், அணை முடியும் வடக்கு முனையில் அரிப்பு புதிதாகத் தொடங்கும் என்பதும் உலகெங்கும் கண்ட உண்மை. ஒலுவிலுக்குப் போடும் கல்லுக்கு நிந்தவூர் விலை கொடுக்க நேரலாம், நிந்தவூருக்குப் போடும் கல்லுக்குக் காரைதீவு விலை கொடுக்க நேரலாம்.

இந்த வழக்கைத் தீர்க்க ஓர் எண் வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது, எந்த மாதத்தில், எந்த இடத்தில்? அது தெரிந்தால், தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவதா, எவ்வளவு கொட்டுவது என்று தீர்மானிக்கலாம். தெரியாவிட்டால் யாருடைய குரல் உரத்து ஒலிக்கிறதோ அவருக்கே மணல்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் இந்தக் கரையின் மாற்றத்தைச் செய்மதிப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நல்ல வேலை அது. ஆனால் ஆய்வாளர் தம் பட்டத்தையோ கட்டுரையையோ முடித்ததும் அளவையும் நின்றுவிடுவது எந்தத் தனி ஆய்வுக்கும் உள்ள குறை. நீண்டகாலப் பதிவுள்ள லான்ட்சற் செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீற்றர். ஒரு வாடைக்காலத்தில் பத்து மீற்றர் கரை போவது ஒரு குடும்பத்துக்குப் பேரிழப்பு. அந்தப் படத்திலோ அது ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

நிற்காத அளவைக்கு ஓர் எடுத்துக்காட்டாக, அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நரபீன் என்றொரு கடற்கரை இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ ஷோர்ட் 1976இல் அதை மாதந்தோறும் அளக்கத் தொடங்கினார். ஆரம்ப காலக் கருவி அளவு குறித்த இரண்டு கம்புகள்தான். 1961இல் கென்னத் எமரி என்ற அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் சொன்ன முறை அது. கடலை நோக்கி ஒரு கம்பு, கரைப்பக்கம் ஒரு கம்பு, நடுவே அளவு தெரிந்த இடைவெளி. கரைப்பக்கம் நிற்பவர் கடற்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து, அந்தக் கோடு தம் கம்பை வெட்டும் இடத்தை வாசிப்பார். அவ்விடைவெளிக்குள் மணல் எவ்வளவு இறங்குகிறது என்பது அதில் கிடைக்கும். கம்புகளை நகர்த்தி நகர்த்தி நீர் விளிம்புவரை போனால் கரையின் முழுச் சாய்வும் கொப்பியில் ஏறிவிடும். நம் கரையோ கிழக்கே கடலைப் பார்த்தது. தொடுவானத்துக்குப் பஞ்சமில்லை.

பின்னர் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் செய்மதி வழிகாட்டும் நவீன கருவிகளோடு அந்த வேலையை ஏற்றது. அளவை நிற்கவில்லை. 2016 ஜூனில் பெரும் புயல் அடித்து, கரையோர வீடொன்றின் நீச்சல் குளமே பெயர்ந்து மணலில் விழுந்தபோது, எவ்வளவு மணல் போனது என்று சொல்ல அவர்களிடம் 40 ஆண்டுக் கணக்கு இருந்தது. அதே பல்கலைக்கழகம் 2017இல் கடற்கரைகளில் கைப்பேசி வைக்கும் தாங்கிகளை நட்டது. வழியில் போகிறவர் கைப்பேசியை அதில் வைத்துப் படமெடுத்து அனுப்பினால், கரைக்கோடு எங்கே நிற்கிறது என்று கணினி கணக்கிடும்.

தொடர்ந்து அளப்பதன் அருமையை நம் கரையின் கிணறுகளும் சொல்லும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. கடல் பின்வாங்கிய பிறகு, உப்பேறிய கிணறுகளைப் பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் மணற்பாங்கான கரையில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே மட்டத்தைக் குறைத்தால் கீழேயிருந்து உவர்நீர் மேலேறும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிழக்குக் கரையோரக் கிணறுகளை மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். திரும்பத் திரும்ப இறைப்பதால் உப்பு விரைவில் நீங்கவில்லை, உப்பைக் கழுவியது பருவமழைதான் என்று கண்டார்கள். அளவோடு துப்புரவாக்கிவிட்டு மழைக்குக் காத்திரு என்ற ஒரு வரி ஆலோசனை, முதல் வாரத்திலேயே தமிழில் கிணற்றடிக்கு வந்திருக்க வேண்டும். கரை பின்வாங்கினால் இந்த நன்னீர்ப் படையும் மெலியும் என்பதால், ஒலுவிலின் கடலரிப்பு குடிநீர்ப் பிரச்சினையாகவும் மாறக்கூடியது.

அறிவு இருப்பது வேறு, அது வேண்டிய வாசலுக்கு வந்து சேர்வது வேறு. இந்த இடைவெளியை நிரப்பவே 1970களில் நெதர்லாந்தின் பல்கலைக்கழகங்கள் ‘அறிவியல் கடை’களைத் திறந்தன. ஊர்ச் சங்கமோ தொழிற்சங்கமோ கேள்வியோடு வரலாம். ஆய்வுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களாக இருக்க வேண்டும், வணிக நோக்கம் இருக்கக்கூடாது, கிடைக்கும் விடையைப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர் அதையே தம் ஆய்வாக எடுத்துச் செய்து, விடையைக் கேட்டவரிடமே கொடுப்பார். நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்புப் பிரிவுகள் வந்திருக்கின்றன. நல்லது, வரட்டும். ஆனால் கரைவலைத் தோணிக்காரர் கம்பனி நடத்தவில்லை. அவருக்கும் ஒரு கதவு வேண்டும்.

அந்தக் கதவுக்குத் தேவையான எல்லாம் இங்கேயே இருக்கிறது. ஒலுவிலில் புவியியலும் பொறியியலும் படிப்பிக்கிறார்கள். சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. குறை பணத்தில் என்பார்கள். ஆராய்ச்சிக்கு இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தைக்கூட எட்டவில்லை என்பது உண்மை, வெட்கப்பட வேண்டிய உண்மை. கரையோர ஆய்வு மையமொன்றுக்குத் திறைசேரி நிரந்தரமாக நிதி ஒதுக்க வேண்டும், அதை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மாதமொருமுறை கரையை அளக்கக் கம்பும் கயிறும் கொப்பியும் போதும்.

ஆகவே பல்கலைக்கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பாலமுனை முதல் நிந்தவூர் வரை நிலையான அளவிடங்களைக் குறியுங்கள். இறுதி வருட மாணவர்களோடு மீனவர் சங்கத்து இளைஞர்களையும் சேர்த்து மாதந்தோறும் அளவிடுங்கள். அளவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளிவாசல் அறிவித்தற் பலகையிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டுங்கள். நவம்பரில் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். முதல் அளவை அதற்கு முன் எடுத்தாக வேண்டும்.